முதலில் புகையைப் பாருங்கள்: குளிரில் கிளம்பாத டிராக்டர்கள் குறித்து வாசகர் கேள்வி பதில்

குளிர் தொடங்கிய பிறகு வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலை எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த ஒரு புலம்பலுக்குள் ஐந்தாறு வேறு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. எனவே ரோட்டவேட்டர், ஹைட்ராலிக் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். வண்டியின் குதிரைத்திறன், வாங்கிய வருடம், டயர் சைஸ் வரைக்கும் எழுதுகிறீர்கள். செல்ப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வந்ததா, வந்தால் என்ன நிறம் என்று பெரும்பாலோர் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் முதலில் வேண்டும். இந்த முறை ஒரு சிலர்தான் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கே முதலிடம்.

கேள்வி: ஐயா, என்னுடையது மூன்று சிலிண்டர் டிராக்டர், ஒன்பது வருடம் ஓடியது. வெயில் காலத்தில் சாவியைத் தொட்டாலே பிடித்துக்கொள்ளும். இப்போது விடியற்காலையில் ஐந்தாறு முறை செல்ப் அடித்த பிறகு திணறித் திணறிக் கிளம்புகிறது. அடிக்கும்போது வெள்ளைப் புகை வருகிறது. ஒருமுறை கிளம்பிவிட்டால் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. மதியம் நிறுத்தி எடுத்தால் அரைச் சுற்றில் பிடிக்கிறது. மெக்கானிக் பம்பையும் இன்ஜெக்டர்களையும் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: இப்போதைக்கு அனுப்பாதீர்கள். அந்த வெள்ளைப் புகையே பம்புக்கு நற்சாட்சி. அது எரியாத டீசல், ஆவியாக வெளியே வருகிறது. டீசல் சிலிண்டருக்குள் போகாவிட்டால் அந்தப் புகை எங்கிருந்து வரும்? பம்ப் தள்ளுகிறது, இன்ஜெக்டர் பீய்ச்சுகிறது, உள்ளே தீப்பிடிக்கவில்லை. ஆக, குறைவது சூடு.

டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜினைப் போல ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அழுத்தி, அந்த அழுத்தத்தில் பிறக்கும் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறோம். ருடால்ஃப் டீசல் 1897-ல் தன் இன்ஜினை ஓட்டிக் காட்டிய நாள் முதல் இன்றுவரை இதுதான் ஏற்பாடு. இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. உள்ளே இழுக்கும் காற்றில் 1 டிகிரி குறைந்தால், அழுத்தி முடித்த இடத்தில் 2 டிகிரிக்கு மேல் குறைந்துவிடும். வெயில் காலத்துக் காற்றுக்கும் விடியற்காலைக் காற்றுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடத்தில் 60, 70 டிகிரி காணாமல் போயிருக்கும். அதோடு சிலிண்டர் சுவரும் பிஸ்டன் தலையும் குளிர்ந்து கிடந்து மிச்சச் சூட்டையும் வாங்கிக்கொள்ளும்.

புது இன்ஜின் இந்த இழப்பைத் தாங்கும். ஒன்பது வருடம் உழைத்த இன்ஜினில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று ஏற்கெனவே குறைந்திருக்கும். வெயில் காலம் அதையெல்லாம் மூடி மறைத்துவிடும். குளிர் வந்து திரையை விலக்கும்.

சரி, எங்கே தொடங்குவது? காதில் இருந்து. நாளை காலை வேறு யாரையாவது சாவி போடச் சொல்லிவிட்டு, நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள். இன்ஜின் கடகடவென்று சுற்றுகிறதா, அல்லது ஊம்... ஊம்... ஊம்... என்று ஒவ்வொரு சுற்றையும் தூக்கிச் சுமந்து போகிறதா? மெதுவாகச் சுற்றினால் இரட்டை நஷ்டம். அழுத்திய காற்று பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாகக் கசியவும், அதன் சூடு சுவரில் இறங்கவும் நேரம் கிடைத்துவிடுகிறது. நிமிடத்துக்கு 100 சுற்றுக்கே முக்கி முனகும் இன்ஜின் குளிரில் லேசில் பிடிக்காது. 200 சுற்று கிடைத்தால் அதே இன்ஜின், அதே குளிரில், மறுபேச்சில்லாமல் பிடித்துக்கொள்ளும். நான் பார்த்த 'குளிர் நோய்' வண்டிகளில் பெரும்பாலானவை மெதுவாகச் சுற்றியவைதான்.

மெதுவாகச் சுற்றினால் பேட்டரியைப் பாருங்கள். உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள், அளந்து பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து, மல்டிமீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது. 12.4 முக்கால், 12.2 பாதி. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றாமல் செல்பைத் தொடவே வேண்டாம். மூடி திறக்கும் பேட்டரி என்றால், உள்ளே உள்ள திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் நல்லது. நிறைந்த செல் 1.265 காட்டும். ஐந்து செல் 1.250-ல் இருக்க, ஒரு செல் மட்டும் 1.190 என்று இறங்கியிருந்தால் அந்த பேட்டரி முடிந்தது, எத்தனை முறை சார்ஜ் ஏற்றினாலும் காலையில் கைவிடும்.

குளிரில் பேட்டரிக்கே சக்தி குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 0 டிகிரியில் அதன் தள்ளும் சக்தி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மைனஸ் 18-ல் பாதிக்கும் குறைவு. அதே நேரத்தில் எண்ணெய் கெட்டியாகி இன்ஜின் அதிக சக்தி கேட்கிறது. ஒரு பக்கம் வரவு குறைய, மறுபக்கம் செலவு கூடுகிறது.

பேட்டரி நன்றாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால்? இங்கே எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் வண்டியைப் போலவே ஒன்று. உரிமையாளர் பேட்டரி மாற்றிவிட்டார், ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பிரஷ் மாற்றிவிட்டார், அப்படியும் ஊம் ஊம் என்றுதான் சுற்றியது. இருட்டு விலகாத நேரத்தில் போய் நின்றேன். மூன்று முறை பத்துப் பத்து விநாடி அடிக்கச் சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் வரைக்கும் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். எல்லாம் பனிக்கட்டி போல இருந்தது. எர்த் ஒயர் சேஸில் சேரும் போல்ட்டில் விரல் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அந்த வண்டியிலேயே சூடாக இருந்த ஒரே பொருள் அந்த போல்ட்தான்.

கழற்றிப் பார்த்தால், யாரோ சேஸுக்கு அழகாகப் பெயிண்ட் அடித்து, பெயிண்ட்டின் மேலேயே ஒயர் முனையில் உள்ள உலோக வளையமான லக்கை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். அடியில் துரு. மின்சாரம் மூச்சு முட்டிப் போகிற இடத்தில் சூடு பிறக்கும். உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, லக்கையும் தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். முதல் அடியிலேயே கடகடவென்று சுற்றியது. கழற்றிப் பூட்டிய ஸ்டார்ட்டர் என்ன பாவம் செய்தது?

விரலுக்குப் பதில் மீட்டரில் பார்க்க விரும்பினால், ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து, செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் திருடன் இருக்கிறான். பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி, பேட்டரிக் கம்பத்துக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே. அடிக்கும்போது பேட்டரியின் இரு கம்பங்களுக்கு நடுவே 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே விழுந்தால், பேட்டரி தளர்ந்திருக்கிறது அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது.

அடுத்து எண்ணெய். டப்பாவில் 20டபிள்யூ-50 என்று இருக்கிறதா? அந்த 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரில் எண்ணெய் இளகலாக இருக்கும். அதற்குப் பின்னால் வரும் எண் சூடான இன்ஜினுக்கு. 20டபிள்யூ-50 போட்ட இடத்தில், உங்கள் கையேடு அனுமதித்தால், 15டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-30 போட்டுப் பாருங்கள். டப்பாவில் வெறும் 40 என்று ஒரே எண் இருந்தால் குளிர்காலத்துக்கு அது ஆகவே ஆகாது. சோதனை வேண்டுமானால், விடியற்காலையில் டிப்ஸ்டிக்கை உருவிப் பிடியுங்கள். எண்ணெய் சொட்டாமல் தேன் போலத் தொங்கினால், ஸ்டார்ட்டர் படும் பாடு புரிந்துவிடும்.

கிளட்ச்சை அடிவரை மிதித்துத்தான் செல்ப் அடிக்கிறீர்களா? நியூட்ரலில்தானே இருக்கிறது என்று சும்மா அடித்தால், கியர் பாக்ஸுக்குள் குளிர்ந்து கெட்டியான எண்ணெயையும் சேர்த்து ஸ்டார்ட்டர் கிண்ட வேண்டியிருக்கும். பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. விடுபட்டிருக்கட்டும். ஹைட்ராலிக் லிவர்கள் பாரம் தூக்காத நிலையில் இருக்கட்டும்.

நன்றாகவே சுற்றியும் வெள்ளைப் புகையோடு நின்றுவிட்டால், சூடேற்றும் சாதனத்தைப் பாருங்கள். உங்கள் வண்டி நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை என்றால் பெரும்பாலும் சிலிண்டருக்குள் சூடேற்றும் குளோ பிளக் ஒவ்வொன்றுக்கும் இருக்காது. காற்று உள்ளே போகும் மேனிபோல்டில் ஒரு ஹீட்டர் இருக்கலாம். சில வகைகளில் பழுத்த கம்பிச்சுருளின் மேல் டீசல் சொட்டி, சிறு தீயாக எரிந்து, போகும் காற்றைச் சூடாக்கும். சாவியில் அதற்கென்று ஒரு நிலை உண்டு, 15, 20 விநாடி பிடித்திருந்துவிட்டு அடிக்க வேண்டும். எத்தனையோ வண்டிகளில் இந்த ஹீட்டரின் ஒயரைக் கழற்றி டேப் சுற்றி ஓரமாக மடக்கிவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெயில் காலத்தில் கழற்றியவருக்கு அது வேண்டாத சாமானாகத் தெரிந்திருக்கும். மேனிபோல்டைத் தடவிப் பாருங்கள். ஹீட்டர் இருந்தால், கையேட்டில் சொன்ன நேரம் பிடித்த பிறகு அந்த இடம் லேசாகவாவது வெதுவெதுப்பாக வேண்டும்.

எண்ணெய்த் தொட்டி வகை ஏர் கிளீனர் என்றால் அதையும் திறந்து பாருங்கள். கோட்டுக்கு மேல் எண்ணெய் ஊற்றியிருந்தாலோ, மண் சேர்ந்து களியாகியிருந்தாலோ குளிரில் காற்றே போகாது.

இதற்குப் பிறகும் தீரவில்லை என்றால் டேப்பட் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி. வால்வும் அதன் இருக்கையும் தேயத் தேய வால்வு மேலே ஏறி, இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாது. சூடான இன்ஜின் எப்படியோ சமாளிக்கும், குளிர்ந்த இன்ஜின் சமாளிக்காது. வால்வு மூடியைத் திறந்து, கேஜ் வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு வையுங்கள். பிறகு கம்ப்ரஷன் சோதனை, அதாவது சிலிண்டரில் காற்று எவ்வளவு அழுத்தத்துக்கு ஏறுகிறது என்று அளப்பது. நல்ல இன்ஜினில் பொதுவாக 25 முதல் 30 பார் வரை வரும். எல்லாச் சிலிண்டரும் கையேடு சொல்லும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தால் ரிங், லைனர் வேலை காத்திருக்கிறது.

இத்தனையும் சரி என்றால் இன்ஜெக்டரைக் கழற்றுங்கள். பனித்திவலை போல் பீய்ச்ச வேண்டியது ஒழுகும் குழாய் போல் சொட்டினால் குளிரில் தீப்பிடிக்காது, உங்கள் மெக்கானிக் சொன்னது அப்போது பலிக்கும். அவர் தப்பானவர் இல்லை. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிட்டார்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்தால்தான் என் வண்டி பிடிக்கிறது. மூன்று குளிர்காலமாக அடித்து அடித்து இன்ஜின் அதற்குப் பழகிவிட்டது. பழக்கத்தை எப்படி மாற்றுவது?

பதில்: பழகியவர் நீங்கள். இன்ஜினுக்குப் பழக்கவழக்கம் ஏது?

அந்த ஸ்பிரேயில் இருப்பது ஈதர். 160, 180 டிகிரி சூட்டிலேயே தீப்பிடித்துவிடும். டீசல் எப்போது எரிய வேண்டும் என்பதை பம்ப் முடிவு செய்கிறது. ஈதர் காற்றோடு கலந்து உள்ளே போவதால் அதைக் கேட்பார் யாரும் இல்லை, பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடித்து அதைக் கீழே அறையும். நீங்கள் கேட்கும் அந்த 'டங்' என்ற சத்தம் அதுதான். கொஞ்சம் கொஞ்சமாக ரிங் உடையும், ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு பெயரும். அதிகமானால் கனெக்டிங் ராட் வளையும். ரிங் போனால் கம்ப்ரஷன் குறையும், கம்ப்ரஷன் குறைந்தால் அடுத்த குளிரில் இன்னும் கொஞ்சம் அதிக ஸ்பிரே கேட்கும். இதைத்தான் பழக்கம் என்கிறீர்கள்.

உங்கள் வண்டியில் குளோ பிளக்கோ மேனிபோல்டு ஹீட்டரோ இருந்து, அதை வேலை செய்யவிட்டுக்கொண்டே ஸ்பிரேயும் அடித்தால், தீ ஏர் பைப் வழியாகத் திரும்பி உங்கள் முகத்துக்கு வரும். கம்ப்ரஷன் சோதனையை இந்த வாரமே செய்யுங்கள். ஸ்பிரே டப்பாவை யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

கேள்வி: காலையில் செல்ப் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் புகையே வருவதில்லை. வெகுநேரம் அடித்த பிறகு திடீரென்று புகை வந்து பிடித்துக்கொள்கிறது. கையால் அடிக்கும் சிறு பம்பை இருபது முறை அடித்துவிட்டு சாவி போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. குளிர் வருவதற்கு முன் இந்தத் தொந்தரவு இல்லை.

பதில்: பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். புகை இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. கை பம்ப் அடித்ததும் சரியாகிறது என்றால், இரவில் பைப்பில் இருந்த டீசல் டேங்குக்குத் திரும்பி ஓடிவிட்டு, அந்த இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது.

குளிரில் மட்டும் ஏன்? ரப்பர் குளிரில் விறைக்கும், சுருங்கும். வெயிலில் பிசின் போல ஒட்டிக்கொண்டிருந்த பழைய ஓரிங்கும் ஹோஸும் இப்போது மயிரிழை இடைவெளி விடும்.

இந்தக் கசிவைத் தேடும்போது நிறையப் பேர் ஏமாறுவார்கள். ஈரம் எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். டேங்குக்கும் சப்ளை பம்புக்கும் நடுவே உள்ள பைப்பில் பம்ப் உறிஞ்சுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகுமே ஒழிய டீசல் வெளியே வராமலும் இருக்கலாம். துடைத்துவைத்த மாதிரி காய்ந்து கிடக்கும். நான் செய்வது, சப்ளை பம்புக்குப் போகும் பைப்பில் டீசல் தாங்கும், கண்ணாடி போல உள்ளே தெரியும் ஒரு முழம் ஹோஸைத் தற்காலிகமாகப் பூட்டிவிட்டு இரவு முழுக்க விட்டுவிடுவது. காலையில் சாவி போடும் முன்பே தெரியும். நடுவில் ஒரு வெற்றிடம் நிற்கும், அடிக்க ஆரம்பித்ததும் குமிழ்கள் வரிசையாக ஓடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மூட்டாகப் பின்னோக்கிப் போங்கள். பில்டர் தலைக்கு அடியில் உள்ள வாஷர், பழைய செப்பு வாஷர்கள், தண்ணீரும் கசடும் தங்கும் செடிமென்ட் கிண்ணத்தின் ரப்பர், கை பம்பின் வால்வு, கடைசியாக ரிட்டர்ன் பைப்.

இன்னொரு மலிவான சோதனை: ஒரு நாள் இரவு வண்டியை லேசான சரிவில் மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்தி, பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டையும் கொடுங்கள். மறுநாள் சட்டென்று ஸ்டார்ட் ஆனால் டீசல் பின்னால் ஓடுவது உறுதி. செப்பு வாஷரைக் கழற்றினால் புதிது போடுங்கள். பழையதைத் திருப்பிப் போட்டு முடுக்குவதால்தான் இந்தக் கேள்வி எனக்கு ஆண்டுதோறும் வருகிறது.

கேள்வி: காற்று பலமாக அடிக்கும் இடத்தில் நிறுத்தினால் இன்ஜின் வெளிக்குளிரைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடுமா?

பதில்: ஆகாது. நமக்குத்தான் காற்று அடித்தால் குளிர் அதிகமாகத் தெரியும். காற்றில் இன்ஜின் சீக்கிரம் ஆறும், வெளிக்குளிருக்குக் கீழே போகாது. மாலையில் நிறுத்தி இரவிலேயே திரும்ப எடுப்பவர்களுக்கு மறைவிடம் உதவும். இரவு முழுக்க நின்றால் இரண்டும் ஒன்றே.

கேள்வி: கடும் குளிரில் ஸ்டார்ட் ஆகி ஐந்து நிமிடம் ஓடுகிறது. பிறகு மூச்சுத் திணறி நின்றுவிடுகிறது. பில்டரைக் கழற்றினால் உள்ளே வெள்ளையாகக் கொழுப்பு போல இருக்கிறது. யாரோ கலப்பட டீசல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். மண்ணெண்ணெய் ஊற்றலாமா?

பதில்: கலப்படம் என்று அவசரப்பட்டு யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். அது மெழுகு. டீசலில் இயல்பாகவே மெழுகு கரைந்திருக்கிறது. ஒரு அளவுக்குக் கீழே குளிர்ந்தால் முதலில் கலங்கும், பிறகு சிறு படிகங்களாகப் பிரியும், அவை பில்டர் தாளை அடைத்துவிடும். பைப்பில் மிச்சமிருந்த டீசலில் ஐந்து நிமிடம் ஓடிவிட்டு, அடைத்ததும் நின்றுவிடுகிறது. தாவர எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசல் கலந்திருந்தால் இன்னும் முன்னதாகவே கலங்கும்.

குளிர்காலத்துக்கென்று விற்கும் டீசலைப் போடுங்கள். அது கிடைக்காவிட்டால் மெழுகு கட்டுவதைத் தடுக்கும் மருந்தை டீசல் தெளிவாக இருக்கும்போதே கலக்க வேண்டும். கட்டிய பிறகு ஊற்றினால் பலன் மிகக் குறைவு. பிரிந்த மெழுகை அது திரும்பக் கரைக்காது. இப்போது அடைத்திருக்கும் பில்டரை மாற்றுங்கள், அல்லது வண்டியைச் சூடான கொட்டகைக்குள் கொண்டுபோய் அரை நாள் விடுங்கள்.

மண்ணெண்ணெய் பழைய வைத்தியம். மெழுகைத் தள்ளிப்போடும் என்பது உண்மை. ஆனால் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் வழுக்கல் கொடுப்பது டீசல்தான், மண்ணெண்ணெயில் அந்த வழுக்கல் குறைவு. கையேடு இந்த அளவு என்று எழுத்தில் அனுமதித்தால் தவிர நான் ஊற்றச் சொல்லமாட்டேன். பெட்ரோல் என்ற பேச்சே வேண்டாம்.

கூடவே செடிமென்ட் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் தண்ணீர் நின்றால் அதுவும் உறைந்து அடைக்கும். பாதி காலியான டேங்கில் இரவில் ஈரம் வியர்த்துச் சொட்டும். வேலை முடிந்ததும் மாலையிலேயே டேங்கை நிரப்பிவைத்தால் வியர்க்க இடமிருக்காது.

கேள்வி: பழைய நான்கு சிலிண்டர் வண்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குளோ பிளக். ஸ்டார்ட் ஆனதும் ஒரு நிமிடம் குலுங்குகிறது, வெள்ளைப் புகை விட்டு விட்டு வருகிறது. பிறகு சரியாகிவிடுகிறது. நான்கையும் மாற்ற வேண்டுமா?

பதில்: குலுங்குவதைப் பார்த்தால் மூன்று சிலிண்டர் வேலைக்கு வந்துவிட்டது, ஒன்று இன்னும் தூங்குகிறது. பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றுங்கள். 12 வோல்ட் டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறு முனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். விளக்கு எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை. எரியாதது செத்தது. மீட்டரில் பார்த்தால் நல்ல பிளக் 1 ஓம் அளவில், சிலவற்றில் 2 வரை காட்டும். மீட்டர் ஒயருக்கே கொஞ்சம் தடை உண்டு, இரண்டு முனையையும் சேர்த்துப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். நான்கும் எரிந்தால் பட்டைக்கு மின்சாரம் வருகிறதா என்று ரிலேயைப் பாருங்கள்.

ஒன்று மட்டும் போயிருந்து, மற்றவையும் அதே வயது என்றால் நான்கையும் மாற்றுவேன். ஆனால் போனதன் நுனியைப் பாருங்கள். உருகியோ அரித்தோ இருந்தால், அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் டீசலை அதன் மேலேயே ஒழுகவிடுகிறது என்று சந்தேகப்படுங்கள். அதைச் சரி செய்யாமல் புது பிளக் போட்டால் அதுவும் போகும்.

கேள்வி: சாவி சில நாள் வேலை செய்வதில்லை. கீழே நின்று ஸ்டார்ட்டரின் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்தால் உடனே சுற்றுகிறது. இப்படியே ஓட்டலாமா?

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்றவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் இதற்குத்தான் பதில் எழுதினேன். செய்யாதீர்கள். ஒரு முறைகூட.

நீங்கள் நிற்பது பின் சக்கரத்துக்கு முன்னால். சாவி வழியாகப் போனால் கிளட்ச் மிதிக்காமலோ கியரில் இருக்கும்போதோ சுற்றவிடாமல் தடுக்கும் ஸ்விட்ச்சை ஸ்க்ரூடிரைவர் தாண்டிப் போய்விடுகிறது. ஒரு நாள் வண்டி கியரில் நிற்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். டீசல் இன்ஜின் பிடித்த கணத்தில் வண்டி நகரும், விலக நேரம் இருக்காது. இப்படிச் செத்தவர்கள் அநேகர், அவர்களில் பாதிப் பேராவது என்னைவிட அனுபவசாலிகள்.

உங்கள் வண்டியில் பெரும்பாலும் அந்த கிளட்ச் ஸ்விட்ச்தான் அழுக்கேறியிருக்கும், அல்லது அதன் ஒயர் தளர்ந்திருக்கும். சின்ன வேலை. சரி செய்யும்வரை வண்டி நிற்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பெரியவர் இன்ஜின் மேல் கொதிக்கும் வெந்நீரை ஊற்றி ஸ்டார்ட் செய்கிறார். உடனே பிடிக்கிறது. நல்லதா?

பதில்: பிடிப்பது உண்மை, பெரியவரின் அறிவும் சரி, ஊற்றும் இடம்தான் பயமாக இருக்கிறது. உறைந்த வார்ப்பிரும்பின் மேல் கொதிநீர் பட்டால் விரிசல் விடலாம். டீசல் பம்பின் மேல் பட்டால் வெளிக்கூடு சமமில்லாமல் விரிந்து, பொருத்தம் மாறிப் பம்ப் இறுகிப்போகலாம். காற்று போகும் மேனிபோல்டின் மேல் மட்டும் பழைய சாக்கைச் சுற்றி, கை பொறுக்கும் சூட்டில் ஊற்றச் சொல்லுங்கள். அவர் விரும்பும் பலன் அதிலேயே கிடைக்கும். எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் தீ மூட்டுவது மட்டும் அவர் பட்டியலில் இருந்தால், தயவுசெய்து நான் சொன்னதாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள். மின்சார வசதி இருந்தால் பிளாக் ஹீட்டர் ஒன்றைப் பூட்டி, கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு ஸ்விட்ச் போடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

கேள்வி: ஸ்டார்ட் ஆனதும் எவ்வளவு நேரம் சும்மா ஓடவிட வேண்டும்? நான் அரை மணி நேரம் விடுகிறேன்.

பதில்: அரை மணி நேரம் சும்மா ஓடினால் டீசல் தீரும், இன்ஜின் சரியாகச் சூடேறாது. எரியாத டீசல் சுவர் வழியாக எண்ணெயில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். ஐந்து நிமிடம் போதும். கடும் குளிரில் பத்து. அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்காதீர்கள், டர்போ இருந்தால் அதற்கு எண்ணெய் போய்ச் சேரவே சில விநாடி ஆகும். பிறகு கீழ்க் கியரில் லேசான வேலையில் விட்டுவிடுங்கள். டெம்பரேச்சர் முள் நகர்ந்ததும் கலப்பையை இறக்கலாம். முள் ஒரு மணி நேரம் ஆகியும் அடியிலேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் பாருங்கள்.